வேப்பமரக் கப்பலும் படங்குப் பாயும்

அன்னபூரணிக் கப்பலின் கதை வடமராட்சியில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். வல்வெட்டித்துறையில் 1930 அளவில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட, 89 அடி நீளமான பாய்க்கப்பல். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அவர் காசிருந்ததால் கப்பல் வாங்கிய ஆள் மட்டும் இல்லை. 32 அடி நீளமான ‘ஸ்வாப்’ என்ற சின்னப் பாய்ப்படகில் 1928 தொடக்கம் 1931 வரை உலகத்தைச் சுற்றி வந்தவர். நல்ல பாய்க்கப்பல் எது என்று பார்த்தவுடன் தெரியக்கூடியவர். அப்படிப்பட்டவர் எங்கட கரையில் கட்டிய ஒன்றைத் தெரிவுசெய்து, மனைவியின் பெயரை வைத்து ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆக்கினார். 1937 இல் வெளிக்கிட்ட கப்பல் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று போய், 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. ஓட்டிப்போனவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள்.

இந்தக் கதை எங்கள் வீடுகளில் எப்போதும் இரண்டு இடத்தில்தான் நிற்கும்: கப்பல் வெளிக்கிட்டது, கப்பல் போய்ச் சேர்ந்தது. வெளிக்கிட முதல் கரையில் நடந்ததை ஒருவரும் சொல்வதில்லை. அந்தப் பாய்களைத் தைத்தது ஆர்? ஆஞ்சான் கயிறு எங்கிருந்து வந்தது? மரத்தின் இடுக்குகளை என்னத்தால் அடைத்தார்கள்? ஒரு பாய் எத்தனை மாதம் தாங்கும்? தண்டையல்மாரின் பெயர்களைத் தேடிப் பதிய ஊரில் ஆக்கள் இருக்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் பாய் தைத்தவரின் பெயரை ஒருவரும் தேடியதாக எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் இதை எழுத வெளிக்கிட்டது தைப்பொங்கல் காலத்து வள்ள ஓட்டங்களைப் பார்க்கப்போய்த்தான். குடாநாட்டின் கரையோர ஊர்களில் பொங்கல், சித்திரை வருசம், கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள் என்று ஏதாவது ஒன்றைச் சாட்டி வள்ள ஓட்டமும் கட்டுமர ஓட்டமும் நீச்சல் போட்டியும் நடக்கும். ஓட்டம் நடக்கிற அன்று போனால் சனமும் ஒலிபெருக்கியும்தான். இரண்டு கிழமை முதலே போகவேணும். அப்பதான் வரலாறு மணலில் பிரிச்சுப் போட்டபடி கிடக்கும்.

முதலில் காற்று. யாழ்ப்பாணத்துக் கடல்காரருக்குக் காற்று என்பது ஒரு சொல் இல்லை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஐப்பசி முடிய வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் மழையும் புயல் பயமும் சேர்ந்து வரும். தை பிறக்க மழை ஒதுங்கும், காற்று மட்டும் நிற்கும். வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா அந்த நாட்களில் நடப்பதும் இதனால்தான். பட்டத்துக்கு முச்சை கட்டுகிற பொடியன் செய்வதும் பாய்க்குக் கயிறு பூட்டுகிற கிழவர் செய்வதும் ஒரே கணக்கு: காற்று எந்தக் கோணத்தில் பட்டால் இழுக்கும், எந்தக் கோணத்தில் பட்டால் குத்துக்கரணம் அடிக்கும் என்பது. பட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது. பாயைப் பார்க்க அந்தளவு வருவதில்லை.

வைகாசியில் சோளகம் திரும்பும். பழைய கப்பல்காரரின் வருசமே இந்த இரண்டு காற்றிலும் கட்டப்பட்டிருந்தது. சோளகத்தில் வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்துப் பர்மாப் பக்கம் போவது, வாடையில் அரிசியோடு திரும்புவது. புயல் மாதங்களில் கப்பலை ஒதுக்கிவைத்துத் திருத்தவேலை. ஆகவே ‘பருவத்துக்குத் தயாராகுதல்’ என்பது இந்தக் கரையில் விளையாட்டுக்காரர் கண்டுபிடித்த விசயம் இல்லை. நெடுந்தீவுக் கரைக்கு வாடைக்காற்றோடு வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிற மீனவரை வைத்துத்தான் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ நாவலை எழுதினார். 1978 இல் அது படமாகவும் வந்தது. கதையின் காதல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த ஆக்கள் காற்றைப் பார்த்து இடம் மாறுகிற ஆக்கள் என்பது கொஞ்சப் பேருக்குத்தான் ஞாபகம்.

இனிக் கரைக்கு வருவோம். கட்டுமரம் ஓட்டத்துக்கு ஆயத்தமாகிற விதம் மிகச் சுலபம், அதே நேரம் மிக நுட்பம். அது மரக்குற்றிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. தண்ணீர் உள்ளே வருவதைப் பற்றிய கவலை அதற்கு இல்லை, ஏனெனில் உள் என்றொன்றே இல்லை. ஆனால் மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த மரம் பாரம். அதனால் ஓட்டத்துக்கு முதல் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். எத்தனை நாள் காய்ந்தது என்பதுதான் முழு இரகசியமும். “முந்தி ஆற்ற மரம் எப்ப காயப்போட்டவை எண்டு பார்க்க இரவில வந்து தட்டிப் பார்ப்பினம். சத்தத்தில தெரியும்,” என்று ஒரு ஐயா சொன்னார். டொங் என்றால் காய்ந்தது, தொப் என்றால் ஈரம். வேவு பார்க்கிற வேலைதான், வேறென்ன.

மரவள்ளங்களுக்கு வேலை இன்னும் கூட. அந்தக் காலத்தில் பலகை இடுக்கில் தும்பு திணித்து, மேலே சுறா எண்ணெய் பூசி, அடிப்பக்கத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். கடற்பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் குறையும். வலைக்கும் கயிற்றுக்கும் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றுவது உப்பும் ஈரமும் நூலை உக்கவிடாமல் இருக்க. இதுகளைச் செய்தவர் ஓடாவி, அல்லது ஓடாவியிடம் பார்த்துப் பழகிய வள்ளக்காரர். இன்றைக்கு வள்ளம் பைபர். உப்புத்தாள் போட்டு உரஞ்சி, மெழுகு தேய்த்தால் சரி. நேரம் மிச்சம், மணமும் இல்லை. சுறா எண்ணெய் மணத்தை இழந்ததுக்காக நாங்கள் அழப்போவதில்லை.

பாய்தான் விசயம். நாங்கள் பார்த்த வள்ளங்களில் முக்கால்வாசிக்கு மேல் பாய் என்பது நீலப் படங்கு, அல்லது உரப்பைகளை விரித்துச் சேர்த்துத் தைத்தது. கடையில் வாங்கிய படங்கை முக்கோணமாகவோ நாலுமூலையாகவோ வெட்டி, ஓரம் மடித்து, கயிறு ஓடவிட்டு, பருமலில் கட்டினால் புதுப் பாய். ஒரு பின்னேர வேலை. எங்களோடு கதைத்த அந்த ஐயா, இளமையில் இந்தியக் கரைக்குப் பாயில் போய்வந்தவர், ஒரு பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது பாய் இல்லைப் பிள்ளையள், இது கூரை.”

ஏன் ஐயா என்று கேட்டோம்.

“பாய்க்கு வயிறு வேணும். துணியைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டின்ர ஓரத்தையும் கொஞ்சம் வளைச்சு வெட்டிப்போட்டுப் பொருத்தினா, விரிக்கேக்க தானா வயிறு வரும். சப்பட்டைப் பாய் காத்தைப் பின்னால இருந்துதான் வாங்கும். முன்னால இருந்து வாற காத்தில அது சும்மா படபடக்கும்.”

இந்த நாலு வசனத்தில் பாய்க்கலையின் பாதி இருக்கிறது. காற்றோடு போவதற்கு எந்தத் துணியும் போதும், சாறத்தைப் பிடித்தாலும் போகலாம். காற்றுக்கு முகம் கொடுத்துப் போவதற்குத்தான் வளைவு வேண்டும். வளைந்த பாயின் இரண்டு பக்கமும் காற்று வேறு வேறு விதமாக ஓட, அது பாயை ஒரு பக்கம் இழுக்கும். விமானத்தின் இறக்கை மேலெழும்புகிற அதே வேலை, நிமிர்த்தி வைத்தபடி. அந்த இழுவை வள்ளத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தடுக்கத் தண்ணீருக்குள் ஒரு பலகை வேண்டும். தமிழ்நாட்டுக் கட்டுமரக்காரர் அதை அடப்பலகை என்பார்கள். வயிறுள்ள பாயும் தண்ணீருக்குள் பலகையும் இருந்தால் காற்று வருகிற பக்கத்துக்கே கோணல்மாணலாக ஏறிப் போகலாம்.

வல்வெட்டித்துறைக் கரை வடக்கைப் பார்த்தது. தையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே கரையிலிருந்து வெளியே போட்டிருக்கும் கொடிமிதவைக்குப் போகிற பாதி காற்றுக்கு முகம் கொடுத்து ஏறுவது, திரும்பி வருகிற பாதி காற்றோடு வழுக்கி வருவது. படங்குப் பாய் கட்டிய வள்ளங்கள் போகிற பாதியில் திணறும். துடுப்பை ஊன்றி, நீட்டி, சத்தம் போட்டு எப்படியோ மிதவையைத் திருப்புவார்கள். திரும்பி வருகிறபோதுதான் படத்துக்கு வடிவான காட்சி, பேப்பரில் வருவதும் அதுதான். ஆனால் தெரிந்தவர்கள் பார்ப்பது போகிற பாதியை. ஓட்டம் அங்கேதான் வெல்லப்படுகிறது.

பாய் எப்படிக் கூரை ஆனது? சுருக்கமாகச் சொன்னால் இயந்திரம். 1958 இல் அரசாங்கம் 28 அடி நீளமான, மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைக் கடனுக்குக் கொடுக்கத் தொடங்கியது. வெளியிணைப்பு இயந்திரமும் சின்ன வள்ளங்களுக்கு வந்தது. 1960களின் கடைசியில் ஆர்னே ஃபியோர்டொஃப்ட் என்ற நோர்வேக்காரரின் முயற்சியில் காரைநகரில் சீநோர் தொடங்கியது. படகு கட்டும் தளம், மீன் பதனிடும் இடம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என்று அது வளர்ந்தது. பைபர் படகு குடாநாட்டுக்குப் பழக்கமானதில் சீநோருக்குப் பெரிய பங்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓடாவி மாதக்கணக்கில் செய்ததை அச்சில் வார்த்துச் சில நாளில் எடுக்கலாம். உக்காது, தண்ணீர் குடிக்காது. இயந்திரம் பூட்டினால் காற்றில்லாத நாளும் தொழில் நாள்தான்.

மாறியது வள்ளத்தின் உடம்பு. பழைய வள்ளங்கள் அணியமும் பின்பக்கமும் கூரானவை, அடியில் ஏராக்கட்டை உள்ளவை. பாயோடு சாய்ந்து ஓட அந்த உடம்பு வேண்டும். பைபர் படகுக்குப் பின்பக்கம் வெட்டிவிட்டது போலத் தட்டை, இயந்திரத்தைக் கொளுவ. அடியும் சப்பை, கரையில் இழுத்து ஏற்ற. பாய்மரம் நிறுத்த இடமே விடப்படவில்லை. இயந்திரத்துக்காகப் பிறந்த உடம்பில் வருசத்தில் ஒரு நாள் பாயைக் கட்டினால் அது எப்படி ஓடும்? நாங்கள் ஓட்டத்தில் பார்ப்பது இரண்டு காலத்தை ஒன்றின் மேல் ஒன்று கட்டிவைத்த காட்சி. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்த படகுகளும் பைபர்தான். கட்டுமரம் போன இடத்துக்குக் கட்டுமரம் வரவில்லை.

இதற்குள் அரசியலையும் மறக்கக்கூடாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் பாக்கு நீரிணையில் கோடு கீறின. அதற்கு முதலே கடவுச்சீட்டும் சுங்கமும் பழைய பாய் வணிகத்தைக் ‘கள்ளக்கடத்தல்’ ஆக்கிவிட்டிருந்தன. 1984 இலிருந்து தடை வலயம், பிறகு பாஸ், நேரக்கட்டுப்பாடு, இயந்திரத்தின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு. 1990 ஆனியில் மயிலிட்டி இடம்பெயர்ந்தது. வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று 2017 ஆடி வரை 27 வருசம் பூட்டிக் கிடந்தது. காரைநகர் ஆக்கள் 1991 இல் இடம்பெயர்ந்தார்கள். ஒரு தலைமுறைக்குக் கடலுக்குப் போவதே அனுமதி கேட்கிற விசயமாக இருந்தபோது, பாய் வெட்டுவதை ஆர் ஆருக்குச் சொல்லிக்கொடுப்பது? இப்போதும் இரவில் இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. தொழில்காரருக்குக் கடல் சந்தோசம் தருகிற நாள் வருசத்தில் அந்த ஓட்ட நாள் மட்டும்தான் என்று ஒருவர் சொன்னது மிகையில்லை.

பாய் முழுக்கச் செத்துவிட்டது என்றும் சொல்ல ஏலாது. ஆழம் குறைந்த யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கம்பு ஊன்றியும் சின்னப் பாய் கட்டியும் போகிற வள்ளங்களை மண்டைதீவுப் பக்கம் இன்றும் காணலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, வடக்கின் சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பது அப்போதுதான் கொழும்புப் பேப்பர்களுக்கே தெரியவந்தது. “பாய் இருந்திருந்தால்” என்ற கதை அந்த மாதங்களில் ஒவ்வொரு கரையிலும் அடிபட்டது. இருந்தது படங்குதான்.

இனி டிங்கி. சின்னப் பாய்ப்படகு, ஒருவரோ இருவரோ ஓட்டுவது, ஒலிம்பிக்கில் உள்ள விளையாட்டு. எங்கட நாட்டில் அது கொழும்புக் கிளப்புகள், பொல்கொட வாவி, ஆங்கிலம் பேசுகிற பள்ளிக்கூடங்கள் என்று இருக்கிறது. அதனால் பணக்கார விளையாட்டு என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் வாதாடினார். பிறந்த கதையைப் பார்த்தால் அப்படி இல்லை. பிள்ளைகள் ஓட்டும் ‘ஒப்டிமிஸ்ற்’ படகை 1947 இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது, ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்யக்கூடிய ஒன்று வேண்டும் என்று கேட்டதால்தான். நீளம் 2.36 மீற்றர், எங்கட வீட்டுக் கட்டிலை விடக் கொஞ்சம்தான் கூட. இலங்கையில் பரவிய ‘ஜீபி 14’, ‘என்ரர்பிரைஸ்’ இரண்டையும் வரைந்தவர் ஜக் ஹோல்ற். அவர் 1962 இல் இன்னொருவரோடு சேர்ந்து வரைந்த ‘மிரர்’ படகை ‘டெய்லி மிரர்’ பத்திரிகை வாசகருக்குத் துண்டு துண்டாகப் பெட்டியில் விற்றது. வாங்கினவர் வீட்டு முற்றத்தில் வைத்துத் தைத்துப் பொருத்தலாம். ஆம், தைத்து. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மேலே பிசின் பூசுவது. பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் பலகையைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டிய மரபு எத்தனை நூற்றாண்டுப் பழையது என்று தெரிந்தவர்களுக்கு இதில் சிரிப்பு வரும்.

பருவம் தொடங்க முதல் டிங்கிக்காரர் செய்யும் வேலைகளின் பட்டியலைப் பார்த்தோம். பாயின் வயிறு கெட்டுவிட்டதா, துணி இழுபட்டுவிட்டதா என்று பார்ப்பது. கயிறுகளை மாற்றுவது. சுக்கான் ஆணி ஆடுதா என்று பார்ப்பது. அடியை வழவழப்பாக்குவது. உயிர்காப்பு அங்கியைச் சோதிப்பது. கடைசியைத் தவிர மிச்சம் எல்லாம் அந்த ஐயா சொன்னதுதான். அந்தக் கடைசியை எங்கட ஓட்டங்களில் அநேகமாகக் காணோம், அதை நாங்கள் கட்டாயம் பழகவேணும். கடல்காரன் மகனுக்கு அங்கி எதுக்கு என்ற கதையெல்லாம் கரையில் நிற்கும்போது நல்லாயிருக்கும்.

டிங்கி ஓட்டத்தில் எங்களுக்கு மிகப் பிடித்தது ஒரே அச்சு என்ற விதி. ஒலிம்பிக்கில் தனியாள் ஓட்டும் ‘லேசர்’ படகு, இப்போது ‘இல்கா’ என்று பெயர், 4.23 மீற்றர் நீளம். உலகம் முழுக்க ஒரே அளவு, ஒரே பாய். ஆண்களுக்கு 7.06 சதுர மீற்றர், பெண்களுக்கு 5.76. புதுப் பாய் வாங்கலாம், அளவை மாற்ற ஏலாது. ஆர் கெட்டிக்காரர் என்பது மட்டும் மிஞ்சும். எங்கட வள்ள ஓட்டம் இதற்கு நேர்மாறு. நல்ல படகு வைத்திருக்கிற சம்மாட்டியின் அணிக்குப் பாதி வெற்றி கரையிலேயே கிடைத்துவிடும். அதே நேரம், ஒவ்வொரு வள்ளமும் வேறாக இருந்த காலத்தில்தான் ஓடாவிக்கும் பாய் தைத்தவருக்கும் பேர் இருந்தது என்பதையும் சொல்லவேணும். இரண்டில் எது நல்லது என்று எங்களுக்குள் இன்னும் சண்டை முடியவில்லை.

இன்னொரு விசயம். காற்று பலமாக அடித்தால் படகு சாயும். சாயாமல் இருக்க ஆள் மற்றப் பக்கம் வெளியே தொங்கவேண்டும். 1938 இல் இங்கிலாந்தில் பீற்றர் ஸ்கொட், ஜோன் வின்ரர் இருவரும் ‘தண்டர் அன்ட் லைட்னிங்’ என்ற 14 அடி டிங்கியில், பாய்மர உச்சியிலிருந்து வந்த கம்பியில் உடம்பைக் கொளுவி, முழு ஆளும் வெளியே நின்றபடி ஓடி, ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’ கிண்ணத்தை வென்றார்கள். அப்படியொன்றைக் கண்டு மிரண்டவர்கள் உடனேயே அதைத் தடைசெய்தார்கள். இன்று அது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆனால் ஜேம்ஸ் ஹோர்ணெல் 1920 இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வை எடுத்துப் பாருங்கோ. முத்துக்குளிப்பு ஆராய்ச்சிக்காக இலங்கையிலும் பிறகு சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்திலும் இருந்தவர் அவர். பாக்கு விரிகுடாப் படகுகளில் குறுக்கே இரண்டு பக்கமும் வெளியே நீளுகிற ஒரு பலகை உண்டென்றும், காற்று கூடினால் ஆக்கள் காற்றுப்பக்க நுனிக்கு ஏறிப்போய் இருப்பார்களென்றும் பதிந்திருக்கிறார். சிங்களக் கரையின் மிதவைமரம் பூட்டிய படகுகளில் காற்றின் பலத்தையே வெளியே ஏறவேண்டிய ஆள்கணக்கில் சொல்வார்களாம்: ஒராள் காற்று, இரண்டாள் காற்று. இங்கிலாந்தில் கம்பி தடைசெய்யப்பட்ட அதே 1938 இல்தான் வல்வெட்டித்துறைக் கப்பல் குளோஸ்ரருக்குள் நுழைந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் எது ‘விளையாட்டு’, எது ‘தொழில்’, எது ‘கண்டுபிடிப்பு’, எது ‘வழக்கம்’ என்று பெயர் வைத்தது ஆர் என்று யோசிக்க வைக்கிறது.

பெயர் வைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாண வரலாறு என்று எங்களுக்குப் படிப்பித்தது அரசர், கோயில், கிணறு, தோட்டம், பள்ளிக்கூடம், புலமை. நிலத்தின் வரலாறு. கடல் அதில் ஒரு எல்லைக்கோடு மட்டும். கடல் தெரிந்தவர்களின் அறிவு ‘அறிவு’ என்று எண்ணப்படாமல் சாதியின் தொழில் என்று ஒதுக்கப்பட்டதை நாசூக்காகச் சொல்லத் தேவையில்லை. பாய் தைத்தவரின் பெயர் தொலைந்ததுக்கு ஷெல் மட்டும் காரணம் இல்லை. குடாநாட்டின் படித்த வீடுகள் அதைக் கேட்கவில்லை.

பெண்கள் விசயமும் இப்படித்தான். எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கரையில் மீன் தரம்பிரிப்பது, கருவாடு போடுவது, விற்பது, வலை பொத்துவது என்று பெண்களின் உழைப்பு இல்லாமல் ஒரு துறையும் ஓடாது. வள்ளத்தில் ஏறினால் மட்டும் முகங்கள் மாறும். நீரிணைக்கு அந்தப் பக்கம் சென்னையில், 1911 இல் தொடங்கிய றோயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிற நகரத்தில், நேத்ரா குமணன் 2009 இல் ஒரு கோடைகால முகாமில் பாய் பிடிக்கத் தொடங்கினார். ரோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்று, பாய்ப்படகோட்டத்தில் அப்படிச் சென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பரிஸுக்கும் போனார். அவர் கரையோர மீனவக் குடும்பம் இல்லை, நகரத்துப் பிள்ளை, வசதியும் இருந்தது. ஆனால் தொடங்கியது ஒரு பள்ளி விடுமுறை முகாமில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கோ. பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமி, 1971 இல் போய்வந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இருவரும் பிறந்த கரையில் அப்படி ஒரு முகாம் ஏன் இல்லை? எங்களில் ஒருத்தி அந்த ஐயாவிடம் நேராகவே கேட்டாள், “ஐயா, எனக்குப் பாய் பிடிக்கப் பழக்குவீங்களோ?” அவர் கொஞ்சநேரம் யோசித்தார். “வயித்துப் பாய் ஒண்டு தச்சுக்கொண்டு வா பிள்ளை, பழக்கிறன்,” என்றார். மறுத்தாரா ஒத்துக்கொண்டாரா என்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க வாதாடினோம்.

டிங்கிகளைக் கொண்டுவந்து இறக்கினால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. புது ‘இல்கா’ ஒன்று பல ஆயிரம் டொலர். இறக்கினால் அது விருந்தினர் விடுதியின் முன்னால் உல்லாசப் பயணிக்கு வாடகைக்கு நிற்கும், கரையூர்ப் பொடியன் அதைத் தள்ளிவிடுகிற வேலைக்கு நிற்பான். அந்தப் படத்தை ஏற்கெனவே தெற்கில் பார்த்தாச்சு. ஆனால் ‘ஒப்டிமிஸ்ற்’ அளவான ஒன்றை வார்க்கிற கைகள் குடாநாட்டில் இருக்கின்றன. பைபர் வேலை தெரிந்த பட்டறைகள் கரைக்குக் கரை உண்டு. ஒட்டுப்பலகை கடையில் கிடைக்கும். ஆழமில்லாத, அலையில்லாத நீரேரி இருக்கிறது. காற்று வருசத்தில் எட்டு மாதம் வஞ்சகம் இல்லாமல் அடிக்கிறது. குறைவது பாய் வெட்டத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

அதனால் நாங்கள் ஒரு கொப்பியில் சொற்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பாயைத் தாங்கும் குறுக்குத்தடி பருமல். அதை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலைக் கயிறு தாமான். வள்ளத்தின் முன் அணியம். விலாக்கட்டைகள் வங்குக்கால். ஓட்டத்துக்குப் பாய் கட்டிக்கொண்டிருந்த பொடியளிடம் இந்தக் கயிறுகளுக்குப் பெயர் கேட்டோம். எல்லாத்துக்கும் ‘ரோப்’ என்றார்கள். ஒருவன் மட்டும், பதினாலு வயதிருக்கும், ஆஞ்சான் என்று சரியாகச் சொன்னான். ஆரடா சொல்லித்தந்தது என்றதுக்கு, “அம்மம்மா,” என்றான்.

அவவின் தகப்பன் பாய் தைத்தவராம். அடுத்த சனிக்கிழமை அவவிடம் போகிறோம், அளவுநாடாவும் கொப்பியும் கொண்டு. ஊசியும் ஒருவேளை அங்கே இருக்கலாம் என்று அவன் சொன்னான்.